இமயமும் நெய்யூரும்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் அருகே பரங்கிமலை என்னும் சிறு குன்று நிற்கின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 300 அடிதான். அதன்மேல் நின்று தெற்கே நோக்கினால் பல்லாவரத்துக் குன்றுகளும் திரிசூலத்துக் குன்றுகளும், அவற்றிற்கு அப்பால் தாம்பரமும் தென்படும். உலகிலேயே உயர்ந்த சிகரத்திற்கும் இச்சிறு குன்றிற்கும் உறவு உண்டு என்றால் வியப்பாகத் தோன்றலாம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர், இக்குன்றின் அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கத்துக் குன்று வரையில், எஃகுச் சங்கிலியைக் கொண்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிப்பதற்கு மே 22ஆம் நாள் வரையில் ஆயிற்று. வெயிலில் எஃகு நீளும். ஆதலால் சங்கிலிக்கு நிழல் செய்து, அதன் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு அளந்தனர். அந்த ஒரு கோட்டினை அடியாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வளர்ந்த அளவைப் பணி, அரை நூற்றாண்டிற்குப் பின் இமயத்தை எட்டியது. கணித வல்லுநராகிய இராதாநாத் சிக்தர் முதலியோர் கணக்கிட்டுப் பார்த்தபோது, அதுவரை வெறும் எண்ணால் குறிக்கப்பட்டிருந்த ஒரு சிகரம் ஏனைய சிகரங்களையெல்லாம் விஞ்சி நின்றது. அதன் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. அதுவே எவரெஸ்ட்.

இது தமிழ்நாட்டிற்கும் எவரெஸ்டிற்கும் உள்ள ஒரு தொடர்பு. மற்றொரு தொடர்பும் உண்டு. தாம்பரத்தில் புகைவண்டி ஏறி ஓர் இரவு தெற்கே பயணம் செய்தால் நாகர்கோவிலை அடையலாம். அங்கிருந்து மேற்கே, இரணியலை அடுத்து, நெய்யூர் என்னும் சிற்றூர் இருக்கின்றது. தென்னையும் வாழையும் மண்டிய அவ்வூரில் பனியை எவரும் கண்டதில்லை. எனினும், எவரெஸ்டின் பனிச்சரிவில் சிக்கி உயிர்பிழைத்த ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்வூரில்தான் கழித்தார். அவர் டாக்டர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்.

சோமர்வெல் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் காலணித் தொழில் நடத்திய செல்வர். ஏரிகளும் குன்றுகளும் சூழ்ந்த அந்நாட்டில் மலையேறுதல் அவருக்கு இளமையிலேயே கைவந்த கலையாயிற்று. ஓவியமும் இசையும் அவருக்கு இருகண்கள் போன்றவை. கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்று, பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று அறுவை மருத்துவர் ஆனார்.

அவர் தொழிலில் இறங்கிய காலம் முதல் உலகப் போரின் காலம். 1916ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரையில் பெரும்போர் மூண்டது. போர்முனைக்குச் சற்றுப் பின்னே இருந்த மருத்துவக் கூடாரத்தில் சோமர்வெல் பணியாற்றினார். கொண்டுவரப்பட்ட வீரர்கள் மிகப் பலர். அறுவை செய்வோர் மிகச் சிலர். கூடாரத்தில் இடமின்றி, வெளியே புல்வெளியெங்கும் காயமுற்றோர் கிடந்தனர். யாருக்கு முதலில் மருத்துவம் செய்வது, யாரைக் கைவிடுவது என்று அம்மருத்துவர்கள் நடந்துகொண்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அக்காட்சி சோமர்வெல்லின் நெஞ்சைவிட்டு என்றும் அகலவில்லை. போரை வெறுக்கும் மனம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

போர் முடிந்தபின், 1922ஆம் ஆண்டு, எவரெஸ்டின் உச்சியை அடைய முயன்ற முதற்குழுவில் அவரும் ஒருவராகச் சேர்ந்தார். ஜெனரல் புரூஸ் அதன் தலைவர். டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டுத் திபெத்து வழியாகச் சுற்றிச் சென்று வடக்குப் பக்கத்தில் ஏறினர். மே 21ஆம் நாள் சோமர்வெல்லும் மாலரி, நார்ட்டன் ஆகிய இருவரும், உயிர்வளிக் கலன்களின் துணையின்றி, 26,985 அடி உயரத்தை எட்டினர். அதுவரை மனிதன் ஏறியிராத உயரம் அது. சில நாள் கழித்து வேறு இருவர் உயிர்வளியின் துணையோடு இன்னும் சற்று மேலே சென்று திரும்பினர். உச்சியோ எட்டாமலே நின்றது. ஜூன் மாதம் பிறந்துவிட்டது. பருவமழை இமயத்தின்மேல் பனியாய்ப் பொழியத் தொடங்கும் காலம் அது. ஆயினும் மூன்றாம் முறை முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தனர்.

பனிச்சரிவின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது விளங்கும். களத்தில் குவித்த நெல்லின் அடியில் ஒரு பிடி அள்ளினால், அப்பக்கம் முழுவதும் சரசரவென்று இறங்கிவிடும். பனியும் ஓரளவு அப்படிப்பட்டதே. ஆனால் அதில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கின்றது. மலைப்பனி ஒரே குவியல் அன்று, அடுக்கடுக்காய்ப் படிந்தது. பகல் வெயிலில் மேற்பரப்பு உருகி, இரவில் உறைந்து, கண்ணாடி போன்ற ஓடாகும். அதன்மேல் புதுப்பனி விழுந்தால், அது சாய்ந்த கூரையில் விரித்த சமுக்காளம் போலப் பற்றுக்கோடின்றிக் கிடக்கும். காற்று அதனை ஓரிடத்திலிருந்து வாரி மற்றோரிடத்தில் குவிக்கும். ஆகவே ஒரே சரிவில் ஓரிடம் உறுதியாகவும் பத்தடி தள்ளி ஓரிடம் கொலைக்களமாகவும் இருக்கக்கூடும். 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே இதற்கு மிகவும் இடங்கொடுப்பவை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி நெடுநேரம் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். வேனிற்காலத்தில் வெயில் ஏற ஏற, உருகிய நீர் அடுக்குகளின் இடையே கசிந்து, அவற்றின் பிடிப்பைத் தளர்த்திவிடும். அதனாலேயே மலையறிந்தோர் நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டு, வெயில் கடுமையாகுமுன் சரிவுகளைக் கடந்துவிடுவர். பனிச்சரிவில் மாண்டவர்களுள் பெரும்பாலோர், தாமோ தம் துணைவரோ வைத்த காலடியாலேயே அதனைக் கிளப்பிவிட்டவர்கள் என்பது பிற்காலத்தார் ஆராய்ந்து கண்ட உண்மை. புதையுண்டவரைக் கால்மணி நேரத்திற்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அதற்குமேல் அவ்வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடும்.

இவற்றுள் பல செய்திகள் 1922இல் எவர்க்கும் தெளிவாகத் தெரியா. ஆல்ப்ஸ் மலையில் புதுப்பனி இரண்டொரு நாளில் இறுகிவிடும். இமயத்திலும் அவ்வாறே இறுகும் என்று கருதினர். ஜூன் தொடக்கத்தில் பெரும்பனி பொழிந்து ஓய்ந்தது. வானம் வெளுத்தது. ஜூன் 7ஆம் நாள் காலையில் மாலரி, சோமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும் சுமையாளர் 14 பேரும் வடக்குக் கணவாய்க்கு ஏறும் சரிவில் கால் வைத்தனர். பனியில் முழங்கால் புதைந்தது. அவர்கள் எச்சரிக்கையின்றி நடந்தவர் அல்லர். சரிவின் செங்குத்தான பகுதியை முதலில் மிதித்துச் சோதித்தனர், பனி அசையவில்லை. அங்கேயே அசையாதது மேலே சாய்வு குறைந்த இடத்தில் ஏன் அசையப்போகின்றது என்று எண்ணினர். அந்த எண்ணமே பிழையாயிற்று. ஓரிடத்துச் சோதனை அவ்விடத்திற்கு மட்டுமே சான்று.

நான்கு கயிறுகளில் பிணைந்து, ஒருவர்பின் ஒருவராக, அனைவரும் ஒரே சரிவில் ஏறிக்கொண்டிருந்தனர். நண்பகல் கடந்தது. வெடிமருந்து வெடித்தாற்போன்ற மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. மறுகணம் காலடியில் இருந்த பனி முழுவதும் நகரத் தொடங்கியது. முன்னே சென்ற கயிற்றில் இருந்த சோமர்வெல்லும் மற்றவர்களும் சிறிது தொலைவு அடித்துச் செல்லப்பட்டு, புதைந்து, பின் திமிறி எழுந்தனர். கீழே நோக்கினர். பின்னால் வந்த இரு கயிறுகளைக் காணோம். அவற்றில் இருந்த 9 பேரும் ஒரு பனிச்சுவரின் விளிம்பைத் தாண்டி, கீழே இருந்த பிளவில் வீழ்ந்து மூடப்பட்டிருந்தனர். ஓடி இறங்கிக் கைகளாலும் கோடரிகளாலும் பனியைத் தோண்டினர். இருவரை உயிரோடு மீட்டனர். எஞ்சிய 7 பேரும் மாண்டனர். அவர்களுடைய சுற்றத்தாரும் தோழருமாகிய சுமையாளர்களின் விருப்பப்படி, கிடைத்த உடல்களும் அம்மலையிலேயே விடப்பட்டன. எவரெஸ்டில் மலையேறும் முயற்சியில் மாண்டவர்களுள் முதல்வர் அந்த எழுவரே.

மாலரி பழியனைத்தும் தம்முடையது என்றே வருந்தினார். சோமர்வெல்லை வாட்டிய எண்ணம் வேறு வகையானது. மாண்டவர் எழுவரும் சுமை தூக்க வந்த மலைவாழ் மக்கள். ஏறுவதென்று முடிவு செய்த ஆங்கிலேயருள் ஒருவர்கூட அவர்களோடு மடியவில்லை. தம்முள் ஒருவரேனும் அவர்களுடைய முடிவில் பங்கு கொண்டிருந்தால், தாம் அவர்களை உடனொத்தவராக மதித்தோம் என்பதை அம்மக்கள் உணர்ந்திருப்பார்களே என்று அவர் மனம் நொந்தார். அக்காலத்து ஆங்கிலேயருள் அவ்வாறு எண்ணியவர் மிகச் சிலர்.

இங்கிலாந்திற்கு உடனே திரும்பாமல், இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு சோமர்வெல் தெற்கே வந்தார். அன்று நெய்யூர் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கே இலண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனை 1838ஆம் ஆண்டு தொடங்கிய பழமை உடையது. அதனைக் காண வந்த சோமர்வெல், வாயிலில் நோயாளிகள் திரண்டு காத்திருப்பதைக் கண்டார். அத்தனை பேருக்கும் அறுவை செய்ய வல்லவராக அங்கு இருந்தவர் டாக்டர் பியூ என்னும் ஒருவரே. அவரும் ஓய்வின்றிக் களைத்துப் போயிருந்தார். விருந்தினராக வந்தவர் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார். இலண்டனில் பெரிய மருத்துவமனை ஒன்றில் உயர்ந்த பதவி அவருக்குக் காத்திருந்தது. அங்கே அவர் இல்லாவிடில் மற்றொருவர் வருவார். இங்கே வேறு எவரும் வரப்போவதில்லை. 1923இல் அவர் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

எவரெஸ்டில் இழந்த எழுவரின் நினைவே அவரை நெய்யூருக்குக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுதல் எளிது. அவரை ஈர்த்தது அவ்வாயிலில் அவர் கண்ட கூட்டமே. எனினும் சோம் ஆற்றங்கரைப் புல்வெளியையும் வடக்குக் கணவாயின் சரிவையும் கண்ட கண்களோடுதான் அவர் அக்கூட்டத்தை நோக்கினார்.

1924ஆம் ஆண்டு மீண்டும் ஓர் எவரெஸ்ட் பயணம் அமைந்தது. சோமர்வெல் நெய்யூரிலிருந்து சென்று அதில் கலந்துகொண்டார். புரூஸ் நோயுற்றதால் நார்ட்டன் தலைமை ஏற்றார். மே மாதத்தின் பிற்பகுதியில் கடும்பனி பெய்தது. வடக்குக் கணவாயின் மேலிருந்த முகாமில் சுமையாளர் நால்வர் கீழிறங்க அஞ்சித் தனித்து நின்றுவிட்டனர். இரண்டாண்டுகளுக்கு முன் எழுவரை விழுங்கியதும் அப்பக்கத்துச் சரிவே. புதுப்பனி அதேபோலப் படிந்து கிடந்தது. உச்சியை அடையும் வாய்ப்பும் வலிமையும் போய்விடுமே என்று பாராமல், நார்ட்டனும் மாலரியும் சோமர்வெல்லும் அந்நால்வரையும் மீட்கப் புறப்பட்டனர்.

இம்முறை மூவரும் ஒருசேரச் சரிவில் நடக்கவில்லை. இருவர் உறுதியான இடத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சோமர்வெல் மட்டும் நீண்ட கயிற்றைக் கட்டிக்கொண்டு குறுக்கே ஒவ்வோர் அடியாகப் படி வெட்டிச் சென்றார். ஏறத்தாழ 200 அடிக் கயிறு முழுவதும் தீர்ந்துவிட்டது. நால்வரும் நின்ற இடம் இன்னும் சுமார் 30 அடி தொலைவில் இருந்தது. எஞ்சிய அந்த இடைவெளியை அவர்களே கடந்துவர வேண்டும் என்று ஊக்கினார். முதல் இருவர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். மற்ற இருவரும் பொறுமையிழந்து ஒருங்கே புறப்பட்டனர். இருவர் சுமையைத் தாங்காமல் பனி பெயர்ந்தது. இருவரும் வழுக்கிச் சென்று, பாதாளத்தின் விளிம்பிற்குச் சிறிது மேலே, தற்செயலாகப் பனி இறுகியதால் நின்றனர். அசைய வேண்டா என்று சைகை செய்துவிட்டு, சோமர்வெல் தம் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். கோடரியைப் பனியில் ஆழக் குத்தி, கயிற்றை அதில் சுற்றி, அதன் நுனியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையை எட்டியமட்டும் நீட்டினார். சட்டைக் கழுத்தைப் பிடித்து ஒவ்வொருவராக இழுத்து மேலே சேர்த்தார். நால்வரும் பிழைத்தனர். அவர் எவரெஸ்டில் செய்த செயல்களுள் இதுவே தலையாயது எனலாம். உயரக் கணக்குகளில் இது இடம் பெறுவதில்லை.

ஜூன் 4ஆம் நாள் அவரும் நார்ட்டனும் உயிர்வளியின்றியே உச்சியை நோக்கி ஏறினர். குளிர்க் காற்றால் சோமர்வெல்லின் தொண்டை புண்ணாகியிருந்தது. ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் அவரால் மேலும் செல்ல முடியவில்லை. நார்ட்டன் மட்டும் 28,126 அடி வரை சென்று திரும்பினார். இறங்கும் வழியில் தொண்டையில் ஏதோ அடைத்து, சோமர்வெல்லுக்கு மூச்சு நின்றது. முன்னே சென்ற நார்ட்டனைக் கூவி அழைக்கவும் குரல் எழவில்லை. முடிவு வந்ததென்று பனியில் அமர்ந்தார். பின்னர் இரு கைகளாலும் மார்பை ஓங்கி அழுத்தினார். தொண்டையின் உட்தோல் உறைந்து உரிந்து அடைத்திருந்தது. அது இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. மூச்சு மீண்டது.

அதன்பின் மாலரியும் இர்வின் என்ற இளைஞரும் உச்சிக்குப் புறப்பட்டனர். மாலரி தம் புகைப்படக் கருவியைக் கொண்டுவர மறந்திருந்ததால், சோமர்வெல் தம்முடைய சிறு கருவியை அவருக்குக் கொடுத்தார். ஜூன் 8ஆம் நாள் மேலே சென்ற இருவரும் திரும்பவில்லை. 75 ஆண்டுகள் கழித்து, 1999இல், மாலரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது, கருவி கிடைக்கவில்லை.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் பிரான்சு நாட்டுச் சாமோனிக்சில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவில், 1922ஆம் ஆண்டுக் குழுவினருக்கு மலையேற்றத்திற்கான பதக்கங்கள் வழங்கப்பட்டன. மாண்ட எழுவர் பெயராலும் பதக்கங்கள் அளிக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். தமிழ் கற்றார், நோயாளிகளோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். தென் திருவிதாங்கூரில் வயிற்றுப்புண் நோய் மிகுதி. சோறும் மரவள்ளியும் உண்டு, இருந்தும் இல்லாதும் வாழ்ந்த ஏழைகள் நோவு பொறுக்கமாட்டாமல் வருவார்கள். அந்நோய்க்கு அறுவை செய்வதில் அவர் பெரும்புகழ் பெற்றார். வெற்றிலையும் புகையிலையும் மென்றதனால் வாயில் புற்று வந்தோருக்கு ரேடியம் கொண்டு மருத்துவம் செய்தார். நெய்யூரின் கிளை மருத்துவமனைகள் பல ஊர்களில் இருந்தன. அவற்றிற்கும் சென்று அறுவை செய்வார். ஓய்வு கிடைத்தபோது இமயத்திற்குச் சென்று நந்தா தேவியின் பக்கத்து மலைகளில் சுற்றினார். வண்ண ஓவியங்கள் தீட்டினார். 1936இல் தம் மலை வாழ்க்கையையும் மருத்துவ வாழ்க்கையையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பின் பொருள் எவரெஸ்டிற்குப் பின் என்பதாகும்.

பிற்காலத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளைஞர்க்கு அறுவை மருத்துவம் கற்பித்தார். 1961இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றபோது, அவர் தென்னாட்டிற்கு வந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கிடையே 1956இல் நெய்யூர் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டில் இணைந்திருந்தது. மலையேறுவோரின் புகழ்பெற்ற சங்கமாகிய ஆல்பைன் சங்கம் 1962இல் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், தாம் இளமையில் ஏறிய குன்றுகளின் நடுவே, ஆம்பிள்சைடு என்னும் ஊரில் தம் 84ஆம் வயதில் அவர் காலமானார்.

இன்று பனிமலைகளில் நடப்போர், புதைந்தால் இருக்கும் இடத்தை அறிவிக்கும் சிறு வானொலிக் கருவியையும், பனியைக் குத்திப் பார்க்கும் கோலையும், மண்வெட்டியையும் உடன் கொண்டு செல்கின்றனர். ஐயத்திற்கிடமான சரிவில் ஒரு நேரத்தில் ஒருவரே செல்ல, மற்றவர் உறுதியான இடத்தில் நின்று அவரைக் கண்காணிக்கின்றனர். ஆயினும் மலை தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் காவல் புரிந்த மெட்ராஸ் ரெஜிமென்டின் வீரர் 10 பேர் பனிச்சரிவில் புதைந்தபோது, தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றிலும் அழுகுரல் எழுந்தது.

நெய்யூருக்கு வடமேற்கே, கேரள எல்லைக்கு அப்பால், காரக்கோணம் என்னும் ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. அதற்குச் சோமர்வெல்லின் பெயரை இட்டிருக்கின்றனர். நெய்யூர் மருத்துவமனையும் இன்றும் நடந்து வருகின்றது.